பாலம் தாண்டுகிற வரை

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் காலையில் ஷரபுன்னிசாவின் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. மவுத்தான வீட்டுக்கு வருகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். யாரும் சாகவில்லை. நிக்காஹ் அன்று அவள் கழுத்தில் ஏறிய கருகமணி, முந்தின நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அறுபட்டுப் போயிருந்தது.

நத்தர்வலி தர்காவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவர்களுடைய வீடு. அங்கே ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் நாலு வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தச் சேதி சுபுஹுத் தொழுகைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் சந்து முழுவதும் போய்விட்டது. வந்தவர்களுக்கு ஷரபுன்னிசா சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கழுத்து வெறுமையாகத் தெரியக்கூடாதென்று துப்பட்டியை இறுக்கிச் சுற்றியிருந்தாள். மார்கழிக் குளிர் வேறு.

"எப்படித்தான் தெரியாமப் போச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

அவளும் எல்லோருக்கும் சொன்னாள். அம்மா மண்டபம் ரோட்டிலேயே பஸ் நிரம்பிவிட்டது. மூச்சு விட இடமில்லை. பிடரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி சில்லென்று ஏதோ பட்டது. வளையல் கூடையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் தடவிப் பார்க்க முடியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தொட்டுப் பார்த்தபோது கழுத்து மட்டும்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஆளாளுக்கு யோசனை. பஸ்ஸில் ஏறினால் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ள வேண்டும். சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு மாட்டிவிட வேண்டும். ஜன்னல் ஓரத்தில் உட்காரவே கூடாது, வெளியிலிருந்து கையை விட்டு அறுத்துவிடுவான் என்றாள் ஒருத்தி. ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார வேண்டும், நடுவில் நின்றால் இடித்துக்கொண்டே எடுத்துவிடுவான் என்றாள் இன்னொருத்தி. முன்னால் நிற்கிறவன் குனிந்து எதையாவது தேடினால் பக்கத்தில் போகாதே. குழந்தையைக் கையில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால் வாங்காதே. கண் அசராதே.

எல்லாம் கேட்டு முடிந்தபின் ரஷீதா வாயைத் திறந்தாள். அவள் ஷரபுன்னிசாவின் மூத்த ஓரகத்தி. "எதுக்கு இத்தனை கஷ்டம்? வீட்டோட இருந்துட்டா ஒண்ணுமே இல்ல."

ஷரபுன்னிசா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "கழுத்தை மூடு, கூடையை மூடு, பஸ்ஸுல ஏறாதன்னு எனக்கு இத்தனை பேரு சொல்றீங்க. அறுத்தவனுக்கு யாராச்சும் ஏதாச்சும் சொன்னீங்களா?"

வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பரக்கத் அலி தொண்டையைச் செருமினார். அவர் ரஷீதாவின் கணவர், ஷரபுன்னிசாவின் கணவருக்கு அண்ணன். பெரிய கடைவீதியில் வளையல் மொத்த வியாபாரம். "அவன்கிட்டப் போயி யாரும்மா சொல்றது? நம்ம வீட்டுப் பொம்பளைக்குத்தான் நாம சொல்ல முடியும்."

அவள் கணவன் முகம்மது கனி, மூலையில் கோணலாக ஒட்டிக்கொண்ட காலை நீட்டி உட்கார்ந்து, பேசாமல் வளையல்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தான்.

கனிதான் முன்பெல்லாம் சைக்கிளில் வளையல் பெட்டி கட்டிக்கொண்டு வையம்பட்டிச் சந்தை வரைக்கும் போய்வருவான். போன வருஷம் மழையில் ரோட்டில் சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டும் நேராகக் கூடவில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் அண்ணன் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வந்தது. நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு வேளையும் ரஷீதா அந்தச் சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் ஷரபுன்னிசாவின் நெஞ்சில் விழுந்தது. ஒரு நாள் அவளே கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே வீதி வீதியாக நடந்தாள். ஆம்பிளை வளையல்காரனிடம் கை நீட்டக் கூச்சப்பட்ட பெண்கள் இவளைக் கூப்பிட்டு நடைக்குள் உட்கார வைத்தார்கள். சித்திரை வீதி, உத்தர வீதி என்று வாடிக்கை பிடித்தது. தூக்குச்சட்டி நின்றது.

"கூடையை இறக்கி வெச்சிடு சரபு," என்றார் பரக்கத் அலி. "இன்னிக்குக் கருகமணி. நாளைக்கு வேற என்னவாச்சும் ஆச்சுன்னா ஜமாத்துல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கனி குடும்பத்துக்கு நான் இருக்கேன்."

கனி அப்போதுதான் தலையைத் தூக்கினான். "அண்ணே, தை மாசம் உத்தர வீதி ரெங்கம்மா மாமி வீட்டுல மகளுக்கு வளைகாப்பு. இவதான் வரணும்னு சொல்லியிருக்காங்க. வாக்குக் குடுத்தாச்சு."

பரக்கத் அலி யோசித்தார். "சரி, வாக்குன்னா வாக்குதான். அன்னிக்கு நானே கூட வரேன். அதோட முடிச்சிக்கணும்."

எல்லோரும் ஷரபுன்னிசாவைப் பார்த்தார்கள். அவள் காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கூட்டம் கலைந்தபின் கனி கேட்டான். "அண்ணன்கிட்ட சரின்னுட்டியா?"

"நான் எங்க சரின்னேன்? சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன்."

"அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு."

"தெரியும்ங்க. நல்லதுக்குத்தான் சொல்றாரு. அந்தச் சோத்தை மறுபடி திங்க உங்களால முடியுமா?"

கனி, தான் கோத்த சரத்தைக் காதருகே வைத்து ஆட்டினான். கீறல் விழுந்த வளையல் ஒன்று இருந்தாலும் சத்தம் மங்கிக் கேட்கும். இது கலகலவென்று கேட்டது. சரத்தை அவளிடம் நீட்டினான்.

தை பிறந்து பொங்கலும் போனது. வளைகாப்புக்குப் புதுச் சரக்கு வந்திருந்தது. வைக்கோல் பொதியைப் பிரித்து, பச்சை, சிவப்பு, மயில்கழுத்து நிறம் என்று ஷரபுன்னிசா தனித்தனியாக எடுத்து வைத்தாள். கர்ப்பிணிகளுக்குக் கை லேசாக வீங்கியிருக்கும். அதனால் கொஞ்சம் பெரிய அளவாகப் பார்த்துக் கூடையில் அடுக்கி மேலே வெள்ளைத்துணி போட்டாள். காலையில் பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்றுவிட்டுக் கிளம்பினாள். பரக்கத் அலி இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக முன்னால் நடந்தார். நாலடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சத்திரத்தில் பஸ் ஏற்கெனவே பிதுங்கியது. முகூர்த்த நாள். கண்டக்டர் ஸ்தனிஸ்லாஸ், ஒல்லியான உடம்பும் பெரிய குரலுமாக, "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு," என்று இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பரக்கத் அலிக்குப் பின்பக்கம் உட்கார இடம் கிடைத்தது. பெண்கள் பெஞ்சில் இடமில்லாததால் ஷரபுன்னிசா நடுவில் கம்பியைப் பிடித்து நின்றாள். கூடை காலடியில் இருந்தது.

அவளுக்கு முன்னால் ஒரு கிராமத்துத் தம்பதி நின்றார்கள். பேச்சிலிருந்தே வையம்பட்டிப் பக்கம் என்று தெரிந்தது. புருஷன் பெயர் ராமர், பெண்சாதி மயிலம்மாள். மயிலம்மாள் ஷரபுன்னிசாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஸ்ரீரங்கத்துக்கா?"

"ஆமாம்மா. நீங்க?"

"அங்கதான். மகளுக்குக் கலியாணம். தாலியைப் பெருமாள் காலடியில வெச்சு எடுத்துக்கிட்டுப் போவலாம்னு வந்தோம்." சொல்லும்போதே புருஷனுடைய இடுப்பை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். ராமரும் சுருக்குப்பை செருகியிருந்த இடத்தை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டார்.

அந்தப் பார்வையும் அந்தத் தொடுகையும் ஷரபுன்னிசாவை என்னவோ செய்தன. இவர்களுக்கும் ஊரில் யாராவது நூறு யோசனை சொல்லி அனுப்பியிருப்பார்கள். பையை இடுப்பில் செருகு, அடிக்கடி தொட்டுப் பார் என்று. தொட்டுத் தொட்டுப் பார்த்தே எங்கே இருக்கிறதென்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

பஸ் காவிரிப் பாலத்துக்கு முன்னால் வருகிற ஓடத்துறையை நெருங்கியது. கூடையைச் சரிப்படுத்தக் குனிந்தவள், ராமரின் இடுப்பருகே தொங்கிய ஒரு துண்டைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரின் முழங்கையில் போட்டிருந்த வெள்ளைத் துண்டு. அந்த ஆள் நெற்றியில் சந்தனம் வைத்து, சலவைச் சட்டை போட்டு, ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுக்குக் கீழே அவர் கை மட்டும் தனியாக ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது.

அவளுடைய பிடரி சில்லென்றது. யோசிக்கவில்லை. வலது கையை நீட்டித் துண்டோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்தாள். அது சட்டென்று முஷ்டியாக மூடிக்கொண்டது. அவள் முஷ்டியைச் சுற்றி இறுக்கினாள்.

"திருடன். இவன் பையை அறுக்கிறான்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சந்தனக்காரர் பதறவில்லை. "என்னம்மா இது? பஸ் குலுங்குச்சு, சாஞ்சேன். கையை விடுங்க."

"கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க."

"பாலத்து மேல ஏறிட்டோம்மா," என்றார் ஸ்தனிஸ்லாஸ் பின்னாலிருந்து. "பாலத்துல நிறுத்தக் கூடாது. மாம்பழச்சாலை வரட்டும்."

கீழே காவிரியில் தை மாதத்துத் தண்ணீர், கரைப் பக்கம் மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. முஷ்டி அவள் கைக்குள் முறுக்கியது. உள்ளங்கையில் சுரீரென்றது. நகத்தால் கீறுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி முறுக்கினான். இந்த முறை அது சதைக்குள் இறங்கியது. நகம் இப்படி இறங்காது. விரல் இடுக்கில் பிளேடு வைத்திருக்கிறான்.

சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். இப்போது சொன்னால் விரலை விரித்துக் கீழே நழுவவிட்டுவிடுவான். இத்தனை காலுக்கு நடுவே பாதி பிளேடை யார் தேடுவது? கையைத் திறக்க விடக்கூடாது. பாலம் தாண்டுகிற வரை விடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள்.

"பெரிய மனுஷர் மாதிரி இருக்காரு, விடும்மா," என்றது ஒரு குரல்.

"அன்னிய ஆம்பள கையை இப்படியா புடிப்பாங்க," என்றது இன்னொன்று.

பரக்கத் அலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "சரபு, என்ன காரியம் பண்றே? கையை எடு."

"எடுக்க மாட்டேன் மச்சான்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

மாம்பழச்சாலையில் பஸ் நின்றது. பாலத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்து நெருக்கியதில் கையை இறக்க முடியாமல் நின்ற ராமர், அப்போதுதான் இடுப்பைத் தொட்டார். சுருக்குப்பை இருந்தது. அடிப்பக்கம் நேர்க்கோடாகக் கிழிந்து தொங்கியது. மயிலம்மாள் "தாலி" என்றாள். அப்படியே பெஞ்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

சந்தனக்காரர் இடது கையைத் தூக்கினார். "என்னைத் தாராளமாச் சோதிங்க. நான் மானஸ்தன்." ஸ்தனிஸ்லாஸ் அவர் சட்டைப்பை, மடி, துண்டு எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை. "பாத்துட்டீங்கள்ல? இப்ப அந்த அம்மாவோட கூடையையும் பாத்துடுங்க. கத்துறவளைத்தான் முதல்ல பாக்கணும்."

ஸ்தனிஸ்லாஸ் தயங்கினார். வேறு யாரோ குனிந்து, ஓரம் விலகியிருந்த வெள்ளைத்துணியை முழுக்க எடுத்தார். மயில்கழுத்து வளையல் சரத்துக்கு மேல் ரோஸ் காகிதப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பிரித்தால் தாலி.

பஸ்ஸுக்குள் பேச்சு ஒரே நொடியில் மாறியது. வளையல்காரி வேஷத்தில் வந்திருக்கிறாள் என்றார்கள். எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்தவன் கையைப் பிடித்துக் கத்துகிறாள் என்றார்கள். மயிலம்மாள் பொட்டலத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சற்று முன்பு சிரித்த கண்கள் இப்போது வேறு மாதிரிப் பார்த்தன.

பரக்கத் அலி இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, நாங்க கௌரவமான குடும்பம். பொருள் கிடைச்சிடுச்சு. எங்க வீட்டுப் பொம்பள ஏதோ தெரியாம... விட்டுடுங்க, நாங்க எறங்கிக்கிறோம்." பிறகு அவள் பக்கம் திரும்பிக் கெஞ்சுகிற குரலில், "சரபு, உன் காலைப் புடிக்கிறேன். கையை விட்டுட்டு எறங்கு."

சந்தனக்காரர் மெல்லிய குரலில் சொன்னார். "அவரே சொல்றாரு பாரு. விடு. உனக்கும் நல்லது."

ஷரபுன்னிசா தன் மச்சானை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தது கிடையாது.

"என்ன தெரியாம மச்சான்? நான் எதைத் தெரியாமச் செஞ்சேன்? இந்தக் கையை இப்ப விட்டா நான் திருடி. உங்க குடும்பத்துக்கே திருடிப் பட்டம். விட மாட்டேன். என் கையே கழண்டு போனாலும் விட மாட்டேன்."

மயிலம்மாள்தான் முதலில் கீழே பார்த்தாள். பலகையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. அவள் கண் மேலே போனது. ஷரபுன்னிசாவின் மணிக்கட்டு வழியாக ரத்தம் இறங்கி முழங்கையில் திரண்டு விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துண்டு நனைந்து போயிருந்தது.

"ஏம்மா, உனக்கு எங்கேருந்து ரத்தம் வருது?" என்றாள் மயிலம்மாள்.

"இவன் கைக்குள்ளேருந்து வருதும்மா. உங்க பையை அறுத்தது இன்னும் இவன் விரலுக்கு நடுவுலதான் இருக்கு. பாலம் ஏறுனதுலேருந்து என் கையைத்தான் அறுத்துக்கிட்டு இருக்கான். ரெண்டு பேரு இந்த மணிக்கட்டைப் புடிங்க. கெட்டியாப் புடிங்க. அப்பறம் நான் விடுறேன். அதுக்கு முன்னாடி விட மாட்டேன்."

சந்தனக்காரரின் முகம் அப்போதுதான் முதல் தடவையாக மாறியது. உடம்பைத் திருகி வாசல் பக்கம் பாய்ந்தார். அவள் கூடவே இழுபட்டாள். வளையல் கூடை காலில் தட்டிக் கவிழ்ந்து கண்ணாடி நொறுங்கியது. பிடி மட்டும் தளரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். ராமர் இன்னொரு பக்கம் பிடித்தார். ஏர் பிடித்துக் காய்த்த கை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பாதியாக உடைத்த பிளேடு, ரத்தத்தில் ஊறி நின்றது.

"இந்தக் கையால அறுத்தான்," என்றாள் ஷரபுன்னிசா. "அந்தக் கையால வாங்கி, எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தப்ப என் கூடையில போட்டான்."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எப்போதும் நடப்பதுதான். இவ்வளவு நேரம் அவளை விடச் சொன்னவர்களே அவனை அடிக்க முந்தினார்கள். "அடிக்காதீங்க. போலீஸ்ல குடுங்க. அடிச்சு விட்டுட்டீங்கன்னா நாளைக்கு அடுத்த பஸ்ஸுல நிப்பான்," என்று அவள்தான் தடுத்தாள். முனையில் நின்ற போலீஸ்காரர் வந்து அவனைக் கூட்டிப் போனார். புகார் எழுதிக்கொடுக்கச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். வருகிறேன் என்றாள்.

மயிலம்மாள் தன் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். ஷரபுன்னிசாவின் உள்ளங்கையில் குறுக்காக இரண்டு வெட்டுகள். கட்டுப் போட்டுக்கொண்டே மயிலம்மாள் சொன்னாள். "நான் ஒன்னையப் போயி அப்படிப் பாத்துட்டனே."

"தாலி போச்சேன்னு இருந்தீங்க. எனக்கும் அந்த வயித்தெரிச்சல் தெரியும். இறுக்கிக் கட்டுங்க."

பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பரக்கத் அலி, படி வழியாக வெளியே சிதறி உடையாமல் மிஞ்சிய வளையல் சரங்களைக் குனிந்து பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் ஒரேயடியாகத் தளர்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போயிடலாம் சரபு. கையைக் காட்டி மருந்து போட்டுக்கலாம். மாமி வீட்டுக்கு நான் போயி சொல்லிக்கிறேன். இனிமே இந்த வம்பெல்லாம்..."

"நாளைக்கும் வருவேன் மச்சான். நாளன்னைக்கும் வருவேன். நீங்க கூட வர வேணாம்." அவள் குரலில் கோபம் இல்லை. "இன்னிக்கு நான் ரெண்டு பேரோட மல்லுக்கட்ட வேண்டியதாப் போச்சு. அவன் ஒருத்தனா இருந்திருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்."

பரக்கத் அலி கையிலிருந்த சரத்தைக் கூடையில் போட்டார். அவள் ஏறியதும் கூடையைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் அவள் காலடியில் வைத்தார். தான் ஏறவில்லை. கீழே நின்று, "பாத்துப் போயிட்டு வா," என்றார்.

உத்தர வீதியில் ரெங்கம்மாள் வீட்டு வாசல் நிறையக் கோலம். உள்ளே புளியோதரை வாசனை. நேரமாகிவிட்டதே என்று பதறிக்கொண்டிருந்த ரெங்கம்மாள், கட்டுப்போட்ட கையைப் பார்த்து நின்றுவிட்டாள். கட்டில் சிவப்பு ஊறியிருந்தது. ஷரபுன்னிசா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அடிப்பாவி, நீ நன்னா இருக்கணும்," என்றாள் ரெங்கம்மாள். ஆனால் அவள் பார்வை கட்டை விட்டு நகரவில்லை. "ஆனா, புள்ளத்தாச்சிக்கு வளை அடுக்கற நேரம். ரத்தக் காயத்தோட... பெரியவாளெல்லாம் வந்திருக்கா. தப்பா நெனச்சுக்காதே. வளையைக் குடுத்துட்டு நீ செத்தெ உக்காரு. நாங்களே அடுக்கிக்கறோம்."

ஷரபுன்னிசா கூடையை இறக்கவில்லை. காலையிலிருந்து தன்னை ஒதுங்கச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டாள். "மாமி, இது நான் திருடிட்டு வாங்குன அடி இல்ல. ஒரு பொண்ணோட தாலியைக் காப்பாத்துன கை. இதைவிட நல்ல சகுனம் உங்களுக்கு வேற என்ன வேணும்? வேணாம்னா சொல்லிடுங்க, வளையலோட போயிடுறேன். குடுத்துட்டு ஓரமா உக்கார மாட்டேன்."

மனையில் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்த ரெங்கம்மாளின் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கேட்கவில்லை, பெரியவர்களையும் பார்க்கவில்லை. வலது கையை நீட்டினாள்.

"நீங்களே போடுங்கோ."

ரெங்கம்மாள் பாயை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டாள்.

ஷரபுன்னிசா உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கையில் வேப்பிலைக் காப்பு ஏற்கெனவே போட்டிருந்தது. அந்தக் கையை எடுத்துத் தன் கட்டுக்குள் வைத்து, விரல்களைக் குவித்து மெல்ல அமுக்கினாள். வீங்கிய கைதான். முதல் வளையல் மூட்டில் தடுத்தது. கொஞ்சம் அழுத்தினாள். அவள் உள்ளங்கையில் வெட்டு விண்ணென்று தெறித்தது. வளையல் ஏறிவிட்டது.

"உங்களுக்கு வலிக்கலையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வலிக்குதும்மா," என்றாள் ஷரபுன்னிசா. "கையைத் தளர்த்திக்க. இன்னும் நிறைய இருக்கு."

அடுத்த வளையலை எடுத்தாள்.